ஓய்வெடுக்கும் கை

பிரீஸ்டைல் நீச்சலில் கைக்கு இரண்டு வேலைகள். நீருக்குள் அது உடலை முன்னே செலுத்துகிறது. நீருக்கு மேலே அடுத்த வீச்சுக்காக முன்னே திரும்புகிறது. பயிற்சியாளர்கள் ‘ரெக்கவரி’ என்னும் இந்த இரண்டாம் பாதியில் கை நீரைத் தள்ளுவதில்லை. ஆயினும், நடுவயதில் நீந்தக் கற்க வருபவர் 25 மீட்டர் முடியுமுன் மூச்சிரைத்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதை அறியாமல் தம் நுரையீரலைக் குறை கூறிக் குளத்தை விட்டே அகல்பவரும் உண்டு.

நீர் தாங்கிய கை, வெளியே வந்ததும் சுமையாகிவிடுகிறது. அதை விறைப்பாக உயரத் தூக்கினால் உடல் அமிழ்கிறது. பக்கவாட்டில் அகல வீசினால் கால்கள் எதிர்ப்புறம் விலகுகின்றன. மார்பு நேர்கீழாகக் கிடக்கையில் முழங்கையை முதுகுக்கு மேலே இழுப்பவருக்கோ தோள்மூட்டில் தசைநாண்கள் நெருக்குண்கின்றன. நாளடைவில் அது தீராத தோள்வலியாக முடியலாம்.

இதற்கான தீர்வு தோளின் வலிமையில் இல்லை. உடலின் உருளலில் இருக்கிறது. வலக்கை தொடையருகே வெளிவரும்போது உடல் இடப்பக்கம் உருண்டால், வலத்தோள் தானே நீருக்கு மேலே எழும். முழங்கை முன்னே செல்ல, முன்கை தளர்ந்து தொங்கியபடி பின்தொடரும். தலையைக் கடந்ததும் கை தோளுக்கு நேரே நீரில் நுழையும்.

முழங்கை மடிந்தேயாக வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்க வீராங்கனை ஜேனட் எவான்ஸ் கையை ஏறக்குறைய நேராக நீட்டிச் சுழற்றியே, 1988 சியோல் ஒலிம்பிக்கில் 400, 800 மீட்டர் பிரீஸ்டைல் தங்கங்களை வென்றார். 1989இல் 800 மீட்டரில் அவர் படைத்த உலகச் சாதனை 2008 வரை நிலைத்தது. கையின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறலாம். உருளலும் தாளமும் மாறா.

நெடுந்தொலைவு நீந்துவோருக்கு இதன் அருமை தெரியும். 1958 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியரான மிகிர் சென் எடுத்துக்கொண்ட நேரம் 14 மணி 45 நிமிடம். நிமிடத்துக்கு 50 வீச்சு என்று கணக்கிட்டால், அத்தனை நேரத்தில் கைகள் 44,000 முறைக்கு மேல் நீரிலிருந்து எழ வேண்டும். அந்தக் கணநேரத் தளர்வு வாய்க்காவிடில் எந்தத் தோளும் தாங்காது.

கற்பவருக்கு ஓர் எளிய பயிற்சி உண்டு: விரல்நுனிகள் நீர்ப்பரப்பைத் தடவியபடியே கையை முன்கொண்டு செல்வது. தளர்ந்த கை ஓசையின்றிச் செல்லும். விறைத்த கை நீரை வாரி இறைக்கும்.