ஐஸ் கம்பெனியின் உப்புநீர்த் தொட்டி

காசிமேடு, தூத்துக்குடி போன்ற மீன்பிடித் துறைமுகங்களை அடுத்து இயங்கும் ஐஸ் கம்பெனிகளில், தொழிலாளர்கள் நடமாடும் மரப்பலகைத் தளமே ஒரு பெரிய தொட்டியின் மூடி என்பது புதிதாக உள்ளே வருவோருக்கு உடனே புலப்படுவதில்லை. ஒரு பலகையைக் கொக்கியால் நெம்பித் தூக்கினால், கலங்கிய உப்புநீரும் அதில் விளிம்பளவு மூழ்கி நிற்கும் துத்தநாகம் பூசிய இரும்புக் கேன்களும் தெரிகின்றன. தொட்டிக்குள் ஓடும் குழாய்ச் சுருள்களில் அம்மோனியா ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுவதால் உப்புநீர் பூச்சியத்துக்குக் கீழே சுமார் 10 டிகிரி செல்சியஸ் வரை குளிர்கிறது. கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் அந்தக் குளிரில் இறுகிப் பாறையாக, அதைச் சூழ்ந்த உப்புநீரோ விசிறியின் தள்ளலில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

தூய நீர் 0 டிகிரியில் உறைகிறது என்பதன் பொருள், படிகத்தில் போய்ச் சேரும் மூலக்கூறுகளும் அதிலிருந்து பிரிந்து வரும் மூலக்கூறுகளும் அந்த வெப்பநிலையில் சமமாகின்றன என்பதே. உப்பு கரையும்போது அயனிகளாக, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களாகப் பிரிந்து நீரில் பரவுகிறது. பனிப்படிகத்தில் அவற்றுக்கு இடமில்லாததால் படிகத்தை வந்தடையும் நீர் மூலக்கூறுகள் குறைய, மீண்டும் சமநிலை ஏற்படக் கூடுதல் குளிர் வேண்டியிருக்கிறது. உறைநிலைத் தாழ்வு எனப்படும் இவ்விளைவை 1880களில் விரிவாக அளந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ரவூல். கடல்நீர் ஏறத்தாழ −1.9 டிகிரியிலும், எடையில் 20 விழுக்காடு உப்புள்ள கரைசல் −16 டிகிரிக்குச் சற்றுக் கீழேயும் உறையத் தொடங்குகின்றன. 23 விழுக்காட்டை ஒட்டி −21 டிகிரியோடு இந்தத் தாழ்வு நின்றுவிடுவதால், அதற்கு மேல் கொட்டும் உப்பு வீண்.

தொழிலாளர்களின் கவனமெல்லாம் கேனின் நல்ல தண்ணீரும் தொட்டியின் உப்புநீரும் கலந்துவிடாமல் காப்பதில்தான் இருக்கிறது. கேன் நிரப்பும்போது சிந்தும் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி உப்பின் செறிவைக் குறைத்தால், தொட்டியிலேயே மிகக் குளிர்ந்த இடமான சுருள்களின் மேல் பனி படிந்து குளிரைத் தடுக்கிறது. எந்திரம் ஓடுகிறது, கேன் மட்டும் இறுகுவதில்லை. எனவேதான் மிதவைமானியால் உப்புநீரின் அடர்த்தியைப் பார்த்து அவ்வப்போது மூட்டை உப்பைச் சேர்க்கிறார்கள். இதற்கு மாறாக, துருப்பிடித்து ஓட்டை விழுந்த கேனுக்குள் உப்புநீர் கசிந்தாலோ, மற்ற கேன்கள் இறுகிய பின்னும் அது கூழாகவே கிடக்கிறது. ஓட்டைக் கேனை அடையாளம் கண்டு ஒதுக்கும் கண், எந்த மானியும் தராத அனுபவத்தால் வருவது.

இறுகிய கேனைச் சங்கிலிக் கப்பியால் தூக்கிச் சாதாரண தண்ணீரில் முக்கிச் சாய்த்ததும், ஓரம் இளகிய ஐஸ் பார் வழுக்கி வெளியே வருகிறது. பாரின் ஓரங்கள் கண்ணாடிபோல் தெளிந்திருக்க, நடுவே மட்டும் ஒரு வெண்ணிறத் தண்டு நிற்பதற்கும் காரணம் படிகத்தின் அதே குணம்தான்: சுவரிலிருந்து உள்நோக்கி உறையும் பனி, தண்ணீரில் கரைந்திருந்த உப்புகளையும் காற்றையும் முன்னே தள்ளிக்கொண்டுபோய்க் கடைசியாக உறையும் நடுப்பகுதியில் சேர்த்துவிடுகிறது. உறையும்போது கேனுக்குள் காற்றைக் குமிழியிடச் செய்து இந்த வெண்மையைக் குறைக்கலாம் என்றாலும், நொறுக்கி மீன்பெட்டியில் கொட்டப்படும் ஐஸில் படகுக்காரர் அதைப் பொருட்படுத்துவதில்லை.