அல்லாஹ் லேசாக்கட்டும்!

நம் இல்லத்தில் பெண்கள் ஐவர், ஆண் ஒருவர். ஐவரில் ஒருவர் நம் மாமியார். ஒருவர் நம் துணைவியார். எஞ்சிய மூவரும் நம் பெண்மக்கள். வீடும் நம்முடையதன்று. காயல்பட்டினத்து வழக்கம் அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது. இங்கே பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் பெட்டியோடு வந்து சேருவார். நாமும் அவ்வண்ணமே வந்து சேர்ந்தோம். ஆகவே இவ்வீட்டில் நமக்கென்று உள்ளவை ஒரு சாய்வு நாற்காலியும், சட்டை மாட்ட ஓர் ஆணியும் மட்டுமே. அந்த ஆணியிலும் சில மாதங்களாக ஒரு ஸ்கிப்பிங் கயிறு தொங்குகிறது.

பிள்ளை வளர்ப்பைப் பற்றி அறிஞர் பலர் எழுதியிருக்கின்றனர். நாம் படித்தவரையில் அவர்களுள் எவரும் ரிப்பன் கட்டும் முறையை விளக்கவில்லை. ஒரு நாள் காலை, உறவினர் வீட்டு மய்யித்துக்காக மாமியாரும் துணைவியாரும் விடியற்பொழுதிலேயே புறப்பட்டுப் போய்விட்டார்கள். பள்ளிக்கூட மணிக்கு அரை மணி நேரம் இருந்தது. தலைகள் மூன்று, பின்னல்கள் ஆறு. பலசரக்குக் கடையில் இருபது ஆண்டுகளாகப் பொட்டலம் கட்டிப் பழகிய கை நம்முடையது. மூன்று புரியை மாற்றி மாற்றிப் போடுவது என்ன பெரிய வித்தை என்று துணிந்து இறங்கினோம்.

வகிடு எடுப்பதிலேயே வழக்கு மூண்டது. நேர்வகிடு நேராகத்தான் இருக்க வேண்டும் என்பது மூத்தவளின் கட்சி. நடுவிலவளுக்கு ஒரு பின்னல் காதுக்கு மேலும் மற்றொன்று காதுக்குக் கீழும் அமைந்தன. கண்ணாடி முன் நின்று இரண்டையும் நெடுநேரம் பார்த்த அவள், "வாப்பா, இது பின்னல் இல்லை, பொட்டலம்" என்று தீர்ப்பு வழங்கினாள். கடைக்குட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாய் நிறைய ஊசிகளைக் கவ்விக்கொண்டு நமக்கு உதவி செய்துகொண்டிருந்தாள். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று பகல் முழுதும் மூவரும் ஓடியாடியும் ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. மாலையில் துணைவியார் கத்தரிக்கோல் கொண்டுதான் ரிப்பனை அகற்ற நேர்ந்தது. இதை அவர் குறை என்கிறார். நாம் நிறை என்கிறோம்.

பின்னலைவிடக் கடினமானது பங்கீடு. பெருநாளைக்கு ஒரே நிறத்தில் துணி எடுத்தால், "எல்லாருக்கும் ஒரே மாதிரியா?" என்பார்கள். வெவ்வேறு நிறத்தில் எடுத்தால், "அவளுக்கு மட்டும் ஏன் அது?" என்பார்கள். பிள்ளைகளுக்குள் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு அதற்குச் சாட்சியாக இருக்க வேண்டி வந்த தந்தைக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் இணங்க மறுத்த செய்தியை நாம் மூவருக்கும் ஒருமுறை சொல்லிவைத்தோம். அது முதல் நம் வீட்டில் தம்மடையை அளவுகோல் வைத்துத்தான் வெட்டுகிறார்கள். வெட்டுகிறவள் கடைசியாக எடுக்க வேண்டும் என்பது சட்டம்.

ஒரு நாள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஓர் ஏழைப்பெண் தன் இரு பெண் குழந்தைகளோடு வந்த வரலாற்றைச் சொன்னோம். அன்னையாரிடம் அப்போது கொடுக்க இருந்தது ஒரே ஒரு பேரீச்சம்பழம். அதைப் பெற்ற அந்தத் தாய், தான் உண்ணாமல் இரண்டாகப் பிளந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். பெண்மக்களிடம் நன்முறையில் நடப்பவருக்கு அப்பிள்ளைகளே நரகத்தை மறைக்கும் திரையாவர் என்று பெருமானார் அருளியது இந்நிகழ்ச்சியை ஒட்டித்தான். சொல்லி முடித்தபோது நமக்கே கண் கலங்கியிருந்தது. நடுவிலவள் சிறிது நேரம் சிந்தித்தாள். "அப்போ ஹதீஸ்படி வாப்பாவுக்குத் தம்மடையில் பங்கு கிடையாது" என்றாள்.

2020-ஆம் ஆண்டு ரமளானை நம் தலைமுறை மறக்காது. கொரோனாவினால் பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தன. தராவீஹ் தொழுகை வீட்டுக்குள் வந்தது. ஹாபிழ்கள் பின்னால் நின்று பழகிய நாம், அறிந்த சிறிய சூராக்களை வைத்துக்கொண்டு இமாமாக நின்றோம். ஜமாஅத் முழுவதும் பெண்கள். மூத்தவளுக்கு அப்போது எட்டு வயது, நடுவிலவளுக்கு ஆறு, கடைக்குட்டிக்கு இரண்டு.

இமாம் தொழுகையில் பிசகினால், பின்னால் நிற்கும் ஆண்கள் 'சுப்ஹானல்லாஹ்' என்பதும், பெண்கள் ஓசை எழக் கை தட்டுவதும் மார்க்கம் காட்டிய முறை. வலக்கையை இடக்கையின் புறத்தில் தட்ட வேண்டும். நடுவிலவள் இதை மதரஸாவில் புதிதாகக் கற்று வந்திருந்தாள். கற்றதைப் பயன்படுத்தும் வாய்ப்புக்காகக் காத்திருந்தாள் என்றே சொல்ல வேண்டும். முதல் இரவு, பாதித் தொழுகையில், பின்னாலிருந்து 'பட்' என்று ஓசை கேட்டது. ஓதியதை மனத்துக்குள் மீட்டிப் பார்த்தோம், பிழையில்லை. மறுபடியும் 'பட்'. ஸலாம் கொடுத்துவிட்டுத் திரும்பி விசாரித்தோம்.

"பிழை ஒண்ணும் இல்லை வாப்பா. சூரா நீளமாப் போகுது. அதான் தட்டினேன்."

மாமியார் சிரித்தார்கள். அது தொழுகை முடிந்த பிறகுதானா என்பதில் நமக்கு இன்றளவும் ஐயமுண்டு.

கடைக்குட்டிக்கு ஸஃப் என்று ஒன்றில்லை. நாம் ஸஜ்தாவுக்குப் போவதே தனக்காகத்தான் என்பது அவளுடைய முடிபு. முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். இறங்கும் வரை நாம் தலை நிமிர்த்தவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் மகள் ஜைனப் (ரலி) அவர்களின் செல்வி உமாமாவைச் சுமந்தவாறே தொழவைத்திருக்கிறார்கள். ஸஜ்தாவுக்குப் போகும்போது இறக்கி வைத்து, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. பெண் குழந்தை பிறந்தால் முகம் கறுத்துப்போகும் மனிதரைப் பற்றித் திருமறை பேசிய காலத்தில், அந்த மக்கள் பார்த்திருக்க, ஒரு பெண் குழந்தை தொழுகைக்குள்ளேயே இடம் பெற்றது. பள்ளிவாசலில் மழலைச் சத்தம் கேட்டவுடன் திரும்பி முறைக்கும் பெரியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். நினைவுக்குக் கொண்டுவருவதில்லை, அவ்வளவே.

அத்தகைய பெரியவர் ஒருவர் நம் கடைக்கு வாடிக்கையாக வருவார். நல்லவர், பாக்கி வைக்காதவர். ஒரு விடுமுறை நாளில் மூன்று பெண்களும் கடையில் புளி உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொருவரையும் எண்ணுவதுபோல் பார்த்தார்.

"மூணும் பொம்புளைப் புள்ளையா? மூணு வீடு. அல்லாஹ் லேசாக்கட்டும்" என்று பெருமூச்சு விட்டுவிட்டுச் சீரகம் வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிரவு நடுவிலவள் நம் அருகில் வந்து படுத்தாள். "வாப்பா, 'அல்லாஹ் லேசாக்கட்டும்'னு நோயாளிக்குத்தானே சொல்லுவாங்க? எனக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

"உனக்கு இல்லை, அவருக்குத்தான்" என்றோம். அதை அவள் அப்படியே ஏற்றுக்கொண்டு, அவருக்காக துஆவும் செய்துவிட்டு உறங்கினாள். அடுத்த முறை அவர் கடைக்கு வந்தபோது, காய்ச்சல் தேவலையா என்று மிகுந்த பரிவோடு விசாரித்தாள். பெரியவர் நம்மைப் பார்த்தார். நாம் தராசைப் பார்த்தோம்.

மூத்தவள் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு அந்தச் சொல்லின் பொருள் விளங்கியிருந்தது. அன்றிரவு நம்மை உறங்கவிடாமல் வைத்தது அவளுடைய அந்த மௌனம்தான்.

பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. இந்த ஊரில் கணவன் மனைவிக்குள் பிணக்கு வந்தால் படி இறங்குகிறவன் கணவனே; பெண்ணும் பிள்ளைகளும் தெருவில் நிற்பதில்லை. வெளியூர்ப் பெண்கள் இதைக் கேட்டுப் பொறாமைப்பட்டதை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அந்தச் சுவர்களை எழுப்புகிறவர் யார்? நம்மோடு ஓதிய நண்பர் சிலர், ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வீடு என்று கணக்கிட்டு, வளைகுடா நாடுகளில் தலை நரைத்துப் போனார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் வந்து, பெருநாள் செருப்பு வாங்கக் கடைக்குப் போனால், மகளின் கால் அளவு தெரியாமல் விழிப்பார்கள். ஒருவர் நம் கண் முன்னேயே, எட்டு வயதுப் பெண்ணுக்கு ஐந்து வயதின் அளவைக் கேட்டார். அவரைக் குறை கூற நமக்கு நா எழவில்லை. அவர் விட்டுப் போகும்போது அந்த அளவுதான் இருந்தது. இரு பெண்மக்களைப் பருவமடையும் வரை பேணி வளர்த்தவர் மறுமையில் தம்முடன் இரு விரல்கள்போல் நெருங்கியிருப்பார் என்றார்கள் பெருமானார். அந்த வாக்கில் வளர்ப்பு இருக்கிறது, செங்கல் இல்லை.

நாம் கடல் தாண்டவில்லை. ஆதலால் மூன்று வீட்டுக்கும் இன்னும் ஒரு கல்லும் வாங்கவில்லை. மூன்று பேரின் செருப்பளவும் நமக்குத் தெரியும். ஜவுளிக்கடைக்காரரிடம் துண்டுச்சீட்டு இல்லாமலே சொல்வோம்.

சென்ற மாதம் கடையின் பழைய கணக்கேடு ஒன்றைப் புரட்டியபோது கடைசிப் பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது. நடுவிலவளின் கைவண்ணம். மூவருக்கும் சேர்த்து ஒரே வீடு. லாத்தாவுக்கு மாடி அறை, தனக்குத் தெரு அறை, தங்கைக்கு ஊஞ்சல். உம்மாவுக்குச் சமையற்கட்டை ஒட்டிப் பெரிய அறை. அப்பக்கம் முழுவதும் தேடிப் பார்த்தோம், நமக்கு இடமில்லை. அவளை அழைத்துக் கேட்டோம். பென்சிலை வாங்கி, மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறு கட்டம் போட்டு, அதற்குள் ஒரு சாய்வு நாற்காலியும் ஓர் ஆணியும் வரைந்தாள்.

வாடகை உண்டா என்று விசாரித்தோம். லாத்தாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.