இலை வேட்டை

"இலை உதிர்றதப் பாக்கவாலே ரயிலேறிப் போணும்?" என்று ஆச்சி கேட்டபோது அப்பாவிடம் பதில் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் தினமும் விடியுமுன் எழுந்து, புறவாசல் வாதாமரத்துச் சருகை வாரியலால் கூட்டிக் கூட்டியே முதுகு வளைந்தவள் ஆச்சி. கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள டோக்கியோ வந்திருந்தாள். ஏழு வயதுக்காரனான எனக்கு வேறு குழப்பம். பள்ளியில் டீச்சர் இதற்கு 'மோமிஜிகாரி' என்று பெயர் சொல்லியிருந்தார். காரி என்றால் வேட்டை. வேட்டைக்கு வெறுங்கையோடு போகலாமா? ஆச்சி ஊரிலிருந்து கொண்டுவந்து தந்த உண்டிவில்லை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டேன். வழியெல்லாம் அது விலாவில் குத்திக்கொண்டே வந்தது.

நவம்பர் கடைசி ஞாயிறு. ஷின்ஜுகுவில் கேயோ ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் தகாவோ மலையடிவாரம். இருக்கைக்கு அடியிலிருந்து காலில் படுகிற கதகதப்பும், எதிரே அமர்ந்திருந்த மலையேறும் பாட்டிமார் முதுகுப்பையில் கிணுகிணுத்த சின்ன மணிகளும், அம்மா மடியிலிருந்த தூக்குவாளியைத் தாண்டிக் கசிந்த புளியோதரையின் நல்லெண்ணெய் மணமும் எனக்கு இன்னும் ஒன்றாகத்தான் நினைவுக்கு வருகின்றன.

மலையின் உயரம் 599 மீட்டர். "ஒரு மீட்டர் மண்ணக் கொட்டி 600 ஆக்கிருக்கலாம்லா?" என்று நான் கேட்டதை அப்பா இன்றும் சொல்லிச் சிரிப்பார். பாதி மலைவரை கேபிள் கார். 31 டிகிரிக்கு மேல் சாய்ந்து ஏறும் அந்தத் தண்டவாளம்தான் ஜப்பானிலேயே செங்குத்தானதாம். ஆச்சி கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டபடியே வந்தாள். இறங்கியதும் கரியில் வாட்டும் வாசம். குச்சியில் குத்திய அரிசிமாவு உருண்டை, மேலே எள்ளுக் குழம்பு. ஒரு கடி கடித்துவிட்டு, "நம்ம கொழுக்கட்டைதாம்லே. உள்ள பூரணம் வைக்க மறந்துட்டான்" என்றாள்.

மேலே பாதை இரண்டாகப் பிரிந்தது. ஆண் சரிவு, பெண் சரிவு. அப்பா சுலபமான பெண் சரிவைக் காட்ட, மற்றதில் 108 படி என்று கேள்விப்பட்ட ஆச்சி, "நூத்தெட்டுன்னா சாமி கணக்குல்லா" என்று முழங்காலில் கையூன்றி ஏறத் தொடங்கினாள். நான் எண்ணிக்கொண்டே போனேன். அறுபத்துமூன்றில் நெற்றியில் ஓர் இலை விழுந்து கணக்கு தப்பிவிட்டது. விரல் விரித்த சின்னக் கைபோல ஒரு சிவப்பு. அம்மா அதைத் தம்பியின் உள்ளங்கையோடு வைத்துப் பார்த்தாள். ஜப்பானிலும் குழந்தையின் கையை மோமிஜி என்றுதான் கொஞ்சுவார்கள்.

குளிர் கூடக்கூடப் பச்சையம் சிதைந்து, உள்ளே ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும், ஆனால் சிவப்பு அப்போதுதான் புதிதாக ஊறும் என்று அப்பா விளக்கினார். ஆச்சி நின்றுவிட்டாள். "போற காலத்துலயா புதுசா சாயம் ஏத்துது?"

744இல் தோன்றியதாகச் சொல்லப்படும் யாகுவோ இன் கோயிலில், சிறகும் அலகுமாக நின்ற தெங்கு என்னும் மலைப்பூதத்தின் சிலையைக் கண்டு நான் அம்மாவின் பின்னால் ஒளிய, ஆச்சி மட்டும் "கருடாழ்வாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சரக், சரக். ஒரு கிழவர் மூங்கில் வாரியலால் கூட்டிக்கொண்டிருந்தார். பாதையையெல்லாம் பெருக்கியவர், ஒரு மேப்பிள் மரத்தடிக்கு வந்ததும் அந்தச் சிவப்பைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனார். ஆச்சி அவர் கையையே பார்த்தபடி நின்றாள். அவர் தலை தாழ்த்தி வணங்க, இவள் கும்பிட்டாள். நான் உண்டிவில்லை எடுத்து உச்சிக்கிளை இலைக்குக் குறிபார்த்ததும், அப்பா அதைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டதும் அந்த நேரத்தில்தான்.

ஆச்சி ஊர் திரும்பியபின் தை மாதத்தில் ஒரு நாள் போனில் பேசினாள். தம்பிக்குப் பல் முளைத்ததா, எனக்குச் சளி விட்டதா என்றெல்லாம் கேட்டாள். கொட்டையைக் கல்லில் தட்டிப் பருப்பெடுத்துத் தின்ன மட்டுமே நான் போய் நின்ற அந்த மரத்தைப் பற்றிக் கடைசியில் சொன்னாள்:

"ஏலே, நம்ம வாதா செவந்து கெடக்கு. மூணு நாளா நான் கூட்டல."