ஹாலுக்குள் ஒரு ஜங்ஷன்

மாடல் ரயில் என்றாலே "விளையாட்டுச் சாமான்தானே" என்கிறார்கள். 1:87 அளவில் நம்மூர் ஐசிஎஃப் பெட்டி ஒன்றே சுமார் 25 செ.மீ. வரும். 24 பெட்டி எக்ஸ்பிரஸுக்கு 6 மீட்டர்! என் மேசைக்கு ஐந்து பெட்டிதான் கட்டுப்படியானது. அகலப்பாதையின் 1676 மி.மீ.யைச் சுருக்கினால் 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5தான். கண்டும் காணாமல் இருந்துவிட வேண்டியதுதான்.

ஓட்டுவதில்தான் பாடு. மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக ஏறுவதால், கொஞ்சம் தூசி படிந்தாலே பாயிண்ட் மேல் இன்ஜின் முரண்டு பிடிக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தபின், திக்காமல் திணறாமல் பிளாட்பாரத்தை விட்டு அது கிளம்புகிற அழகு இருக்கிறதே!

புதிதாகத் தொடங்குபவர்கள் இன்ஜின் வாங்குமுன் மேசையை அளந்துவிடுங்கள்.