சாம்பிராணி என்று எண்ணினோம்

சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் கலைந்த பின், அன்பர் ஒருவர் நம்மைப் படிக்கட்டின் அருகே தனியே நிறுத்தினார். சிறிது நேரம் ரயில் டிக்கெட் கிடைக்காத துன்பத்தைப் பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பையன் பதினைந்து நாளாக அறையை விட்டு வெளியே வருவதில்லை, சார். ஏதோ மூலிகைப் புகையாம், கஞ்சா இல்லையாம். தபாலில் வரவழைக்கிறான். மூலிகைதானே, நாளடைவில் சரியாகிவிடும் அல்லவா?" என்று கேட்டார்.

அங்கு நின்றபடியே நாம் கூறிய விடை சுருக்கமானது. "நாளைக் காலையே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் கேட்பவற்றுக்கெல்லாம் உண்மையைச் சொல்லுங்கள்." அவ்வாறு கூறியதன் காரணத்தை விளக்க அங்கே பொழுதில்லை. அது நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்று. இந்தத் தில்லி மாநகரில் நாம் எவரிடமும் இதுவரை கூறாதது. உரியவனின் இசைவைப் பெற்றே இங்கு எழுதுகிறோம்.

நம் தம்பியின் மகன் 2013-ஆம் ஆண்டு மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றான். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பியவன், வேலை தேடுவதற்குத் தில்லியே ஏற்ற இடம் என்று நம்முடன் தங்க வந்தான். உடல் மெலிந்திருந்தது, கண்களின் கீழ்க் கருமை படர்ந்திருந்தது. குளிர்நாட்டு வாழ்வும் விடுதி உணவும் செய்த கோலம் என்று கருதினோம். அவன் பெட்டியை ஒழுங்குபடுத்திய நம் துணைவியார், பளபளக்கும் நான்கு பொட்டலங்களைக் கண்டார். உள்ளே உலர்ந்த இலைத்தூள்; மேலே நறுமணப் புகைக்கானது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. மனிதர் உட்கொள்வதற்கு அன்று என்ற எச்சரிக்கையும் சிற்றெழுத்தில் இருந்தது. சீமைச் சாம்பிராணி என்று எண்ணிய அவர், அவற்றைப் பூஜை அலமாரியில் கற்பூர டப்பாவின் அருகே வைத்துவிட்டார்.

அன்று மாலை அவன் வீடு முழுவதும் தேடினான். கிடைத்த மூன்று பொட்டலங்களைப் பறித்தாற்போல எடுத்துக்கொண்டு அறைக்குள் சென்றான். நான்காவது, விளக்குத் திரி வைத்திருந்த பெட்டியின் பின்புறம் சரிந்து கிடந்தது. அதை அவனும் காணவில்லை. நம் துணைவியாரும் மறந்துபோனார்.

சில நாட்களில் குளியலறையிலிருந்து ஒருவகைப் புகை நாற்றம் வீசியது. கேட்டோம். அவன் மறைக்கவில்லை. "இது மூலிகை, பெரியப்பா. இங்கிலாந்தில் கடையிலேயே விற்கிறார்கள். இந்த ஊரில் ஹோலிப் பண்டிகைக்குப் பாங்கு குடிப்பதில்லையா? அரசாங்கமே அதற்கு லைசென்சு கொடுக்கிறதே!" என்றான். அக்காலத்தில் அங்குக் கடைகளில் அது விற்கப்பட்டது உண்மையே. 2016-ஆம் ஆண்டு மே திங்கள் நடைமுறைக்கு வந்த சட்டமே அக்கடை வியாபாரத்தை மூடியது. வடநாட்டில் சில மாநிலங்களில் உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் உண்டு என்பதும் உண்மையே. நமக்கோ பழைய நூல்களில் ஈடுபாடு மிகுதி. ஆங்கில அரசு 1893-ஆம் ஆண்டு அமைத்த சணல் மருந்துகள் விசாரணைக் குழு, ஏறத்தாழ 1,200 சாட்சிகளை விசாரித்து, அளவோடு பயன்படுத்தும் கஞ்சாவால் மனத்துக்குப் பெருந்தீங்கு இல்லை என்று மறு ஆண்டு அறிக்கை அளித்ததைப் படித்திருந்தோம். அதை அவனிடம் நாமே எடுத்துக் கூறினோம். மிதமிஞ்சினால் மனம் கெடும் என்று அக்குழு கூறியிருந்ததும் நினைவிருந்தது, அதைச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் புகைத்தது கஞ்சாவே அன்று என்பதை அறியாதிருந்தோம்.

கார்த்திகை பிறந்ததும் மாற்றங்கள் தெரியத் தொடங்கின. அவன் சிறுவயதில் மிருதங்கம் பயின்றவன். ஒரு நாள் வானொலிக் கச்சேரிக்குத் தாளம் போடத் தொடங்கி, ஆதி தாளத்தின் ஐந்தாம் எண்ணிக்கையில் கை நின்றுவிட்டது. மீண்டும் தொடங்கினான், மீண்டும் அதே இடத்தில் நின்றான். தன் கையையே உற்றுப் பார்த்தான். சற்றுமுன் கேட்ட கேள்வியை மறப்பான். இரவெல்லாம் நடப்பான். புகை தீர்ந்த நாட்களில் வியர்த்துக் கொட்டும், உணவு செல்லாது, சிறு சொல்லுக்கும் சீறுவான். பொட்டலம் வந்ததும் அமைதியடைவான். அப்பொட்டலங்கள் தபாலில் வந்தன. புத்தகங்கள் என்று எண்ணி, கையெழுத்திட்டு வாங்கி வைத்தவர்கள் நாமே.

மார்கழியில் அவன் சன்னல் கண்ணாடிக்குச் செய்தித்தாள் ஒட்டினான். சுவரில் இருந்த படங்களைத் திருப்பி வைத்தான். மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வரும் ஆள் தன்னை உளவு பார்ப்பதாகக் கூறினான். குக்கர் மூன்று முறை கூவினால் போலீசார் வருவர் என்று நடுங்கினான். அதற்காக நம் துணைவியார் குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டு, வெண்கலப் பானையில் சோறு வடிக்கத் தொடங்கினார். அவர் முதலில் ஒரு கவளம் உண்டு காட்டினாலன்றி அவன் உணவைத் தொடமாட்டான்.

இவ்வளவையும் கண்ட பின்னரும் நாம் செய்தது யாது? கதவைச் சாத்தினோம். அண்டை வீட்டாரிடம் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கிறான் என்றோம். தில்லியில் இதை எவரும் ஐயுறுவதில்லை. தொலைபேசியில் தம்பியிடம், "நன்றாக இருக்கிறான், வேலைதான் அமையவில்லை" என்றோம். தை மாதத்தில் அவன் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. சம்பந்தி வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதே நம் கவலை. திருமணத்துக்கும் அவனை அழைத்துச் செல்லவில்லை. அவனுக்குக் காய்ச்சல் என்று கூறி, நம் துணைவியாரை அவனுடன் விட்டுவிட்டு, நாம் மட்டும் சென்று பந்தியில் அமர்ந்து உண்டு வந்தோம்.

2016-ஆம் ஆண்டு மார்ச் திங்களில் ஓர் இரவு, மூன்றாம் மாடியின் கைப்பிடிச் சுவர்மீது அவன் நின்றான். குரல்கள் தன்னை அழைப்பதாகக் கூறினான். நம் துணைவியார் கூச்சலிடாமல், "கண்ணா, பெரியம்மாவுக்குக் குளிருகிறது, உள்ளே வா" என்று கூறிக் கையை நீட்டினார். அவன் இறங்கினான். அன்றிரவே மருத்துவமனைக்குச் சென்றோம்.

மருத்துவர் மூன்று கேள்விகள் கேட்டார். எத்தனை நாட்களாக இப்படி என்றார். ஒரு வாரமாக என்றோம். போதைப் பழக்கம் உண்டா என்றார். இல்லை என்றோம். குடும்பத்தில் எவருக்கேனும் மனநோய் இருந்ததா என்றார். அதற்கும் இல்லை என்றோம். சிறுநீர்ச் சோதனையில் கஞ்சாவின் சுவடே இல்லை என்று வந்தது. நாம் மகிழ்ந்தோம், ஏதோ பயம், வேலையில்லாக் கவலை, வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்று எழுந்தோம்.

நம் துணைவியார் எழவில்லை. வாடகைக் காரில் வீட்டுக்குச் சென்று, பூஜை அலமாரியின் மூலையிலிருந்த அந்த நான்காம் பொட்டலத்தைக் கொண்டுவந்து மருத்துவரின் மேசைமீது வைத்தார். "டாக்டர், ஆறு மாதமாக இதைத்தான் புகைக்கிறான். இவர் வாய் திறக்கமாட்டார்," என்றார். இத்தனை ஆண்டு இல்லறத்தில் அவர் நம்மைப் பிறர்முன் மறுத்துப் பேசியது அன்று ஒருநாள்தான்.

அதன் பின்னரே மருத்துவர் நமக்கு விளக்கினார். அந்த இலை வெறும் சுமைதாங்கி. ஏதோ ஓர் உலர்ந்த செடி. அதன்மீது தெளித்த செயற்கை ரசாயனமே போதை. நம் மூளையிலேயே இயல்பாகச் சுரக்கும் ஒரு பொருள் உண்டு. 1992-ஆம் ஆண்டு அதைக் கண்டறிந்த அறிவியலார், ஆனந்தம் என்னும் வடசொல்லைக் கொண்டே அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டனர். அப்பொருள் சென்று பொருந்தும் இடங்களிலேயே கஞ்சாவின் சத்தும் பொருந்துகிறது. ஆயின், மின்விசிறியின் ரெகுலேட்டரைக் கஞ்சா பாதியளவு திருப்புகிறது என்று கொண்டால், இந்த ரசாயனங்கள் கடைசி எண் வரை திருப்பிவிடுகின்றன. கஞ்சாச் செடியில் அதன் வேகத்தை ஓரளவு தணிக்கக்கூடும் என்று கருதப்படும் வேறு சத்துகளும் உண்டு. இதில் அவை இல்லை. தெளிப்பும் சீராக இராது. ஒரே பொட்டலத்தில் ஒரு சிட்டிகை மெல்லியதாகவும் அடுத்த சிட்டிகை பன்மடங்கு கடியதாகவும் இருக்கும்.

இவற்றுள் பெயர்பெற்ற ஒன்று, அமெரிக்காவில் ஹஃப்மன் என்ற வேதியியல் பேராசிரியர் மூளையை ஆராய்வதற்கென ஆய்வுக்கூடத்தில் ஆக்கியது. அவர் பெயரின் முதலெழுத்துகளையே அது தாங்கி நிற்கிறது. மனிதர் உண்ணவோ புகைக்கவோ அவர் அதை ஆக்கவில்லை. ஆய்வேடுகளில் வெளியான செய்முறையை வணிகர் எடுத்துக்கொண்டனர். சந்தையில் மூலிகைக் கலவை என்று விற்ற பொட்டலங்களில் அந்த ரசாயனம் இருப்பதை 2008-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியில் கண்டறிந்தனர். ஒன்றைச் சட்டம் தடுத்தால், கூட்டமைப்பைச் சற்றே மாற்றி மற்றொன்றை வணிகர் இறக்குவர். ஐரோப்பாவில் மட்டும் 200-க்கு மேற்பட்ட வகைகள் இதுவரை தென்பட்டுள்ளன. வழக்கமான சோதனை கஞ்சாவின் சத்தையே தேடுவதால், இவை அதில் அகப்படுவதில்லை. சோதனைத்தாள் தூய்மையாக வந்ததன் பொருள் இதுவே.

நாட்பட்ட பழக்கத்தால் மனத்துக்கு நேர்வனவற்றை மருத்துவர் ஒவ்வொன்றாகக் கூறினார். இல்லாத குரல் கேட்டல், எவரையும் ஐயுறல், காரணமற்ற நடுக்கம், நினைவும் கவனமும் தளர்தல், உறக்கமின்மை, சோர்வு, உயிரை வெறுத்தல். ஒவ்வொன்றும் நம் வீட்டில் நாம் கண்டதே. அவற்றுக்கு நாம் இட்ட பெயர்கள்தாம் வேறு: திமிர், சோம்பல், கண்ணேறு, ஏழரைச் சனி.

பின்பு அவர் மூன்றாவது கேள்வியை மீண்டும் கேட்டார். குடும்பத்தில் மனநோய் உள்ளோருக்கு இந்த அபாயம் மிகுதி என்றும், மருந்தையும் கண்காணிப்பையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும் என்றும் கூறினார். அப்போதுதான் நம் அத்தையைப் பற்றி வாய் திறந்தோம். ஊர் வீட்டின் பின்கட்டில் இருபது ஆண்டுகள் பூட்டிய அறையில் வாழ்ந்து மறைந்தவர் அவர். விருந்தினர் வந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று சிறுவயதில் நமக்குக் கட்டளை. அந்தக் கட்டளையை அறுபது வயதிலும் நாம் மீறவில்லை. மருத்துவர் முன்னிலையிலும் மீறவில்லை.

மூன்று வாரம் அவன் மருத்துவமனையில் இருந்தான். மருந்து கொடுத்தார்கள். குரல்கள் ஓய இரண்டு திங்கள் ஆயின. ஐயம் அகல அதனினும் நெடுநாள் சென்றது. சிலருக்கு இந்நோய் பழக்கத்தை விட்ட பின்னும் நீங்குவதில்லை என்று மருத்துவர் முன்னரே எச்சரித்திருந்தார். அந்த அச்சத்துடனே நாட்களை எண்ணினோம். 2017-இல் ஒருமுறை மீண்டும் வழுக்கினான். இம்முறை அவனே நம்மிடம் வந்து சொன்னான். அன்று மாலையே மருத்துவரிடம் சென்றோம். முதன்முறை மறைத்ததால் ஆறு திங்கள் இழந்தோம். இரண்டாம் முறை சொன்னதால் ஆறு மணி நேரம்கூட இழக்கவில்லை.

தம்பிக்கும் செய்தியைக் கூறினோம். அவர் அழுதார், நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டவள் புதுமணப்பெண். "என் கலியாணத்துக்காகவா அண்ணனை அறையில் பூட்டினீர்கள், பெரியப்பா? என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்றாள். நம்மிடம் விடை இல்லை. எந்தச் சம்பந்தி வீட்டாருக்கு அஞ்சினோமோ, அந்த வீட்டு மாப்பிள்ளையே அவளுடன் தில்லி வந்து, மருத்துவமனை வராந்தாவில் இரண்டு இரவு படுத்திருந்தார்.

இன்று அவன் ஊரில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் பணிபுரிகிறான். எதையும் குறித்து வைத்துக்கொள்கிறான். நினைவு முற்றும் பழைய நிலையை அடையவில்லை. கூட்டமான இடங்களில் சற்றே தயங்குகிறான். மிருதங்கத்தை மீண்டும் எடுத்திருக்கிறான். கச்சேரிக்கு அன்று, தனக்காக.

பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு, நல்ல பெயர் ஒன்றே உடைமை போலத் தோன்றுகிறது. அதைக் காக்க எண்ணி, காக்க வேண்டிய பிள்ளையைக் கைவிடுகிறோம். சட்டத்துக்கு அஞ்சுவோர் அறிக: 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமே, தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் பழக்க அடிமைகளுக்குச் சிற்றளவுக் குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்கு அளிக்க 64-ஏ பிரிவில் வழி வைத்துள்ளது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், நோயாளியின் செய்தியை மருத்துவர் மறைவாகக் காக்க வேண்டும் என விதிக்கிறது. போதை மீட்புக்கு 14446 என்ற எண்ணும், மனநலத்துக்கு 14416 என்ற எண்ணும் நாடெங்கும் கட்டணமின்றி இயங்குகின்றன. பின்னதில் தமிழிலும் பேசலாம்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நம் தொலைபேசி ஒலித்தது. அந்த அன்பர்தான். பின்னணியில் வண்டிகளின் இரைச்சல் கேட்டது. "ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கிறோம், சார். பையன் பக்கத்தில்தான் இருக்கிறான். அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டோம்," என்றார்.