வாடகை வண்டி

போன ஞாயிறு அலிப்பூர் குவார்ட்டர்ஸில் அலமாரியை ஒழித்துக் கொண்டிருந்தேன். அப்பா போன பிறகு ஊரிலிருந்து கொண்டு வந்த பாஸ்புக் உறைக்குள் ஒரு போர்டிங் பாஸ். எழுத்தெல்லாம் மங்கல். சென்னை - மதுரை, 2008, பாரமவுண்ட் ஏர்வேஸ்!

உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மதுரை நூற்பாலைக் குடும்பத்துத் தியாகராஜன் 2005 அக்டோபரில் ஆரம்பித்தது. பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் ஜெட். பக்கத்துக்கு இரண்டு சீட்டுதான், நடு சீட்டே கிடையாது. 80 இருக்கைக்குக் குறைவென்பதால் இறங்கு கட்டணச் சலுகை. 40,000 கிலோவுக்கு உட்பட்ட எடை என்பதால் 2007 முதல் எரிபொருளுக்கு 4% விற்பனை வரிதான். காமர்ஸ் படித்த எனக்கு இந்தக் கணக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவருக்கு அதுதான் முதல் விமானம். நான் கணக்கை விளக்க விளக்க, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"வண்டி சொந்தமாடா, வாடகையா?"

"குத்தகைப்பா."

"அப்ப வண்டி ஓடாட்டியும் வாடகை ஓடும்ல?"

நான் சிரித்துவிட்டேன்.

குத்தகைத் தகராறு கோர்ட்டுக்குப் போனது. விமானங்கள் கைவிட்டுப் போயின. 2010-ல் சேவையே நின்றது.

இன்று என் மேசைக்கு வரும் கடன் மனுக்களில் நான் முதலில் தேடுவது அப்பாவின் அந்தக் கேள்விக்கான பதிலைத்தான். "நீங்க சொன்னது சரிதாம்பா" என்று மட்டும் அவரிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

ஆயுசு முழுக்க அடுத்தவருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்த மனுஷர், தனக்கென்று பத்திரப்படுத்தி வைத்தது இந்த ஒரு டிக்கெட்டைத்தான். திரும்பவும் அதே உறைக்குள் வைத்துவிட்டேன்.