குனிந்து காணும் மலை

பிறருக்குத் தியான உரை நிகழ்த்துவதற்காக ஏற்காட்டுக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். மௌனத்தின் மேன்மையைப் பேசிப்பேசியே காலத்தைக் கழித்துவிட்டு, அம்மலையின் மௌனத்தைச் சற்றும் கேளாமல் இறங்கிவந்தவன் நான். இம்முறை பேச்சுமில்லை, வாகனமுமில்லை; ஒருநாள் முழுவதும் நடப்பதென்று உறுதி செய்துகொண்டேன்.

ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏற்காடு என்பர். விடியற்காலையில் ஏரியின்மேல் பனிமூட்டம் படர்ந்திருந்தது. கரையை விட்டு விலகியதும் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் இங்குக் கொண்டுவந்த பயிர் அது. நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றிப் படர்ந்திருந்தது.

அடுத்து, இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963இல் நிறுவிய ஆர்க்கிட் தோட்டத்திற்குச் சென்றேன். ஆர்க்கிட் செடிகளுள் பல, மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. ஆயினும் அவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை; மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் கொண்டே வளர்கின்றன. பிறரைச் சார்ந்திருந்தும் பிறரைச் சுரண்டாத வாழ்வு! சில மலர்கள் மிகச் சிறியவை; குனிந்து நோக்கினாலன்றிக் கண்ணுக்குப் புலப்படா.

நண்பகலில் சேர்வராயன் மலையுச்சியை அடைந்தேன். ஏறத்தாழ 5,300 அடி உயரமுள்ள அவ்விடத்தில் சேர்வராயனுக்கும் காவேரி அம்மனுக்கும் உரிய குகைக்கோயில் உள்ளது. மலையாளி எனப்படும் இம்மலைப் பழங்குடியினர் ஆண்டுதோறும் மே மாதத்தில் இங்கு விழா எடுக்கின்றனர். குகையின் கூரை தாழ்வானது. நிமிர்ந்து நுழைய முயன்றால் தலையில் இடிக்கும். செல்வரும் வறியரும் ஒருங்கே குனிகின்றனர், நானும் குனிந்தேன்.

அப்பொழுது ஜப்பானியத் தோட்டங்களைப் பற்றி நான் படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. அங்குத் தேநீர்க் குடிலின் வாயிலை வேண்டுமென்றே மிகத் தாழ்வாக அமைப்பார்களாம். வாளேந்திய வீரனும் தன் வாளை வெளியே வைத்துவிட்டுத் தவழ்ந்தே நுழையவேண்டும். அவர்கள் திட்டமிட்டுக் கட்டிய பாடத்தை, நம் மலை தானாகவே புகட்டுகிறது.

ஆனால் குனியாத மனிதனின் சுவடுகளும் இம்மலையில் உண்டு. அலுமினியத்தின் மூலப்பொருளான பாக்சைட்டுக்காகச் சேர்வராயன் மலைப்பகுதி பல ஆண்டுகள் வெட்டப்பட்டது. இன்று வழியெங்கும் நெகிழிப் புட்டிகள் கிடக்கின்றன. சென்ற பயணங்களில் நான் வாகனத்தில் விரைந்தபோது அவையும் என் கண்ணில் பட்டதில்லை. திரும்பும் வழியில் என் பை கொள்ளுமட்டும் அவற்றைப் பொறுக்கினேன். அதற்கும் குனியத்தான் வேண்டியிருந்தது.

அன்பார்ந்த பெற்றோரே, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளுடன் ஏற்காடு செல்வீராயின், வாகனத்தை ஏரிக்கரையிலேயே விட்டுவிடுங்கள். வானொலியும் கைப்பேசியும் சற்றே ஓயட்டும். ஒரு சிறு மலரின்முன் பிள்ளையோடு நீங்களும் குனிந்து பாருங்கள். மாலையில் முதுகு வலிக்கலாம், எனக்கும் வலித்தது. ஆனால் நெடுநாளாக என் உள்ளத்தை அழுத்திய பாரம் அன்றிரவு இல்லை.